பிளக்கும் பிடுங்கலும்

போன இதழில், ‘டூ பின் பிளக் என்பது மனிதகுலத்தின் சோம்பேறித்தனம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தபால்காரர் இரண்டு நடை நடக்க வேண்டியதாகிவிட்டது. அவியலில் தக்காளி போடுகிறவர்களை நான் திட்டியபோதுகூட இத்தனை கடிதம் வந்ததில்லை. ஆகவே இந்த முறை எல்லாமே வயர், முள், ஓட்டை. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்திருங்கள் மக்கா.

துபாயிலிருந்து மருமகன் மிக்சி கொண்டுவந்தார். பிளக்கின் மூன்று முள்ளும் சதுரம்; எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டையும் உருண்டை. என்ன செய்யலாம்?
*ஒரு மாமனார், திங்கள்சந்தை*

சுவரையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். லக்கேஜ் கூடுதல் என்று விட்டிருப்பார்.

இதில் ஒரு சரித்திரம் கிடக்கிறது, கேளும். நம்ம உருண்டை முள் வெள்ளைக்காரன் சொத்து. 1934-ல் பி.எஸ். 546 என்று நம்பர் போட்டு, அவன் ஊரிலும் அதைத்தான் சுவரில் குத்திக்கொண்டிருந்தான். 1947-ல் நமக்குச் சுதந்திரம் கொடுத்தான் அல்லவா, அதே வருஷம் தனக்கு பி.எஸ். 1363 என்று புத்தம்புதுச் சதுர முள்ளை எழுதிக்கொண்டான். வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறவன் பழைய பாயை நம் தலையில் கட்டிவிட்டுத் தனக்குப் புதுக் கட்டில் வாங்கிக்கொண்ட கதை. நாமும் லேசுப்பட்டவர்களா? அந்தப் பாயைத் தட்டி விரித்து, ஐ.எஸ். 1293 என்று நம்ம முத்திரையைக் குத்தி, இன்றுவரை அதில்தான் படுத்திருக்கிறோம். துபாய், கத்தார், பஹ்ரைன் பக்கம் வெள்ளைக்காரன் 1971 வரை கால் நீட்டியிருந்ததால் அங்கே கட்டில் போய்ச் சேர்ந்தது. உங்கள் மருமகன் கட்டிலில் படுத்துவிட்டு மாமனார் வீட்டுப் பாய்க்கு வந்திருக்கிறார். அவ்வளவுதான் பிரச்சினை.

இந்தப் பாய்-கட்டில் சண்டையைத் தீர்க்க, ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-ல் ‘உலகத்துக்கே ஒரே பிளக்’ என்று ஒன்றை வகுத்தது. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் ஆளுக்கொரு விதமாக அதை எடுத்துக்கொண்டன. மற்றவர்கள் ‘கொள்ளாம்’ என்று சொல்லிவிட்டுப் பழையதையே குத்திக்கொண்டார்கள். ஒற்றுமைக்குக் கூட்டம் போட்டால் புதிதாக ஒரு கோஷ்டி பிறப்பது நம்ம ஊர்க் கோயில் கமிட்டியில் மட்டும் இல்லை என்று தெரிந்து எனக்கு ஒரே ஆறுதல்.

சரி, மிக்சிக்கு வருவோம். முதலில் அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசியுங்கள். 220-240 வோல்ட் என்று இருந்தால் நம்ம 230-க்குத் தோதுப்படும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் சாமானை இங்கே குத்தினால் சட்னிக்கு முன்னால் மிக்சி அரைபட்டுவிடும். சவுதியில் கரண்டு 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கிருந்து பிரிட்ஜ் மாதிரி ஏதாவது வந்தால் சீட்டில் ‘50/60’ இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டியைப் பிரியுங்கள். எல்லாம் சரி என்றால் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுச் சதுரத் தலையை வெட்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள த்ரீ பின் டாப் போடச் சொல்லுங்கள். பிரவுன் வயர் லைனுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த்துக்கு. வெட்டின சதுரத் தலையைத் திறந்து பாருங்கள், உள்ளே குட்டிச் சுருட்டு மாதிரி ஒரு பியூஸ் இருக்கும். சிவப்பு என்றால் 3 ஆம்பியர், பிரவுன் என்றால் 13. நம்ம டாப்பில் அந்தக் காவல்காரன் கிடையாது. அதனால் வீட்டு டப்பாவில் இருக்கும் எம்.சி.பி. சரியான அளவுதானா என்பதையும் வயர்மேன் பார்க்கட்டும்.

கடையில் அடாப்டர் என்று ஒன்றைச் சல்லிசாகத் தருவார்கள். அவற்றில் பலவற்றில் மூன்றாவது ஓட்டை கல்யாண வாசலில் கட்டின வாழை மாதிரி, அழகுக்கு. உள்ளே எர்த் தகடே இருக்காது.

கரண்டு என்றால் என்ன?
*எட்டாம் வகுப்பு மாணவன், ஆரல்வாய்மொழி*

தொட்டுப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதலாவது.

த்ரீ பின் பிளக்கில் மேல் முள் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது?
*ஓர் ஆசிரியை, சுசீந்திரம்*

டீச்சர், இந்தக் கேள்விக்காகப் பத்து வருஷமாகக் காத்திருந்தேன்.

அது தாய்மாமன். கல்யாண வீட்டுக்கு முதலில் வருகிறவன் அவன். பந்தல் பிரித்த பிறகு கடைசியில் போகிறவனும் அவன். கொடுக்கல் வாங்கலில் அவனுக்குப் பங்கில்லை. ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான், இருப்பதே தெரியாது. சண்டை என்று வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து விழும் அடியைத் தான் வாங்கிக்கொள்வான். நீளம் இதற்குத்தான். பிளக்கைச் செருகும்போது மற்ற இரண்டும் கரண்டைத் தொடுவதற்கு முன்னால் எர்த் தொட்டுவிட வேண்டும். பிடுங்கும்போது அவை விட்ட பிறகே இது விட வேண்டும். தடிமன், லைன் ஓட்டைக்குள் அதைத் தப்பித்தவறியும் நுழைக்க முடியாமல் இருக்க. மூடி வைத்த சாக்கெட்டுகளில் இன்னொரு சோலியும் அதற்கு உண்டு. அது உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டையின் கதவும் திறக்கும். குழந்தை ஒற்றைக் கம்பியைக் கீழ் ஓட்டையில் விட்டால் கதவு திறக்காது.

இவ்வளவு யோசித்துச் செய்த கதவை நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மேல் ஓட்டையில் வெளக்குமாத்து ஈர்க்குச்சியை விட்டு நெம்பி, டூ பின்னைத் திணிக்கிறார்கள். ஈர்க்குச்சி கிடைக்காவிட்டால் பால்பாயிண்ட் பேனா. அதுவும் இல்லாவிட்டால், சவம், ஸ்குரூ டிரைவர். தாய்மாமன் நாற்காலியில் ஈர்க்குச்சியை உட்கார வைத்துவிட்டு முகூர்த்தம் நடத்துகிற குடும்பம் உருப்படுமா?

நாஞ்சில் நாட்டில் தாய்மாமனை இப்படிப் புகழ்ந்தால் பழைய ஆட்கள் முறைப்பார்கள் என்பது தெரியும். மாமன் சொத்து மருமகனுக்கு என்று இருந்த காலத்தின் கூத்துகளை வைத்து, தேரூர்க் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று ஒரு நூலே எழுதி நம் மானத்தை வாங்கியிருக்கிறார். நான் சொல்வது பித்தளையில் செய்த மாமனை. அவனுக்குச் சொத்து ஆசை கிடையாது.

தங்களுக்குப் பிடித்த நிறம்?
*ஒரு வாசகி, பத்மநாபபுரம்*

பச்சையில் மஞ்சள் கோடு.

டூ பின் பிளக்கைக் கேவலப்படுத்தி எழுதினீர்கள். இரட்டை இன்சுலேஷன் உள்ள சாதனங்களுக்கு எர்த்தே தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா?
*பாலிடெக்னிக் மாணவன், நாகர்கோவில்*

தெரியும் தம்பி. தெரிந்தும் எழுதுவதற்குத்தான் இங்கே சம்பளம்.

நீ சொல்வது சரி. சாமானின் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று அச்சடித்திருந்தால் அது இரட்டைக் காப்பு. வெளியே தொடுகிற இடத்தில் கரண்டு வர வழியில்லாமல் இரண்டு அடுக்கு மறைத்திருக்கிறார்கள். செல்போன் சார்ஜர், முடி உலர்த்தி, டிரில்லிங் மிஷின் பெரும்பாலும் இந்த ரகம். அவற்றுக்கு டூ பின் போதும். ஆனால் இரும்பு உடம்புள்ள பழைய கிரைண்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் டூ பின்னைப் போட்டுவிட்டு ‘ஓடுதே’ என்கிறார்களே, அவர்களுக்கு உன் படிப்பைக் கொஞ்சம் சொல்லிக்கொடு. மற்றபடி டூ பின் மேல் எனக்குள்ள வெறுப்பு தனிப்பட்டது. நேற்று ராத்திரியும் செல்போனைச் சார்ஜில் போட்டேன். காலையில் பார்த்தால் பிளக் தரையில் படுத்திருந்தது, போன் மேஜையில் செத்திருந்தது.

இஸ்திரிப் பெட்டியின் வயர் நடுவில் பிய்ந்துவிட்டது. டேப் சுற்றினால் போதுமா?
*ஓய்வுபெற்ற குமாஸ்தா, தக்கலை*

‘போதுமா’ என்று கேட்கிறீரே, ஏற்கெனவே சுற்றிவிட்டீர். எத்தனை சுற்று?

நாஞ்சில் நாட்டுக்காரன் எதையும் களைய மாட்டான். கருகின வயர் நமக்குக் கெட்டுப்போன வயர் இல்லை, ‘கொஞ்சம் பாத்து உபயோகிக்க வேண்டிய’ வயர். எங்கள் வீட்டில் ஒரு மேஜை விசிறி உண்டு. அதன் வயரில் நான்கு முடிச்சு. முதல் முடிச்சு என் அத்தை கல்யாணத்தில் சமையல்காரர் தேங்காய்க் குவியலை அதன்மேல் இழுத்தபோது விழுந்தது. இரண்டாவது, எலி. மூன்றாவது, நான் பிளக்கைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்தது. அது எட்டு வயசில், அதற்கு அடியும் வாங்கியாயிற்று. நான்காவது, 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மாவட்டம் முழுக்கப் போஸ்ட் மரம் சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்து, கடைசியில் கரண்டு வந்த சந்தோஷத்தில் யாரோ விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வயர் வரவில்லை. ஒவ்வொரு முடிச்சின் மேலும் கறுப்பு டேப், அது பசை விட்ட பிறகு அதன்மேல் சிவப்பு டேப். இப்போது மாடு விழுங்கின மலைப்பாம்பு மாதிரி இருக்கிறது. விற்கச் சொன்னால் அம்மா, ‘அதுல குடும்பமே இருக்குலே’ என்கிறாள்.

உம்முடைய பெட்டிக்கு இந்தக் கதை உதவாது. விசிறி இழுப்பது சுண்டைக்காய். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நாலரை ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். முறுக்கிச் சேர்த்த இடம் சூடேறும், டேப்பின் பசை உருகும், துணி ஈரமாக இருக்கும், வயரோ கூடவே ஆடிக்கொண்டிருக்கும். இதைவிட மோசமான இடத்தில் முடிச்சுப் போட யோசித்தாலும் முடியாது. பிய்ந்தது பிளக்குக்குப் பக்கத்தில் என்றால் அதுவரை வெட்டிவிட்டு டாப்பை மாற்றி மாட்டலாம். நடுவில் என்றால் முழு வயரையும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது நூல் பின்னின வயரைக் கேளும். மேற்கே விளவங்கோடு பக்கம் ‘தேப்புப்பெட்டி வயர்’ என்றாலே கடைக்காரர் அதைத்தான் எடுத்துப் போடுவார். சாதா பி.வி.சி. வயர் சூடான தகட்டில் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்; இதில் உள்ளே ரப்பர், வெளியே பருத்தி நூல், சட்டென்று உருகாது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு குலசேகரம் பக்கத்து மரங்கள் கறக்கிற பால். அந்தப் பெருமையையாவது நினைத்துக்கொண்டு புது வயர் வாங்கும்.

எலி வயரைக் கடிக்கிறது.
*ஒரு வாசகர், இரணியல்*

பூனை வளருங்கள். வயரை மாற்றிவிட்டு வளருங்கள். இல்லாவிட்டால் பூனையும் போகும்.

சமையலறைச் சுவர் பிளக் பாயிண்டில் இரண்டு நாளாக மீன் வாசம் அடிக்கிறது. நாங்கள் சைவம்.
*ஓர் இல்லத்தரசி, கோட்டாறு*

உங்கள் சைவம் உங்களைக் காப்பாற்றியது அம்மா. இதே வாசம் குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு வீட்டில் வந்திருந்தால், ‘சாளை நல்ல பச்சையா இருக்கு’ என்று சொல்லிவிட்டு வீடு பற்றுகிறவரை உட்கார்ந்திருப்பார்கள்.

அது பிளக் கருகுகிற வாசம். பேக்கலைட்டும் சில பிளாஸ்டிக்கும் அளவுக்கு மேல் சூடேறினால் அமீன் என்கிற வகை வாயுவைக் கக்கும். மீனுக்கு அந்த வாசத்தைக் கொடுப்பதும் அதே குடும்பம்தான். அங்கே என்ன குத்தியிருக்கிறீர்கள்? இண்டக்ஷன் அடுப்பா? பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் நுழைக்க ஒரு கன்வர்ட்டரும் போட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

கணக்கு இதுதான். சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர், அதாவது 1380 வாட் வரை. பெரிய பவர் பிளக் 16 ஆம்பியர், 3680 வாட். உங்கள் அடுப்பு 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர் இழுக்கும். கன்வர்ட்டர் ஓட்டையின் அளவைத்தான் மாற்றுகிறது, சுவருக்குள் போகிற மெல்லிய வயரை அல்ல. கூடவே தொளதொளவென்று இருக்கும் சாக்கெட்டில் தொடுகிற இடம் அரை ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 38 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயன் 25 வாட்தான். சுவருக்குள் ஒன்றரை சால்டரிங் அயனைச் சொருகி வைத்துக்கொண்டு தோசை சுடுகிறீர்கள்.

இப்போதே மெயினை அணையுங்கள். கருகின பாயிண்டை மாற்றி, அடுப்புக்கென்று தடிமனான வயரில் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்கள். கன்வர்ட்டரைக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முப்பந்தலில் இத்தனை காற்றாடி சுற்றுகிறது, கோதையாற்றில் தண்ணீர் விழுகிறது, எட்டிப் பார்த்தால் கூடங்குளம். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் கரண்டு இல்லை?
*ஒரு கோபக்காரர், பூதப்பாண்டி*

தோவாளையில் பூ மலைபோல் குவிகிறது என்று எல்லாத் தலையிலுமா இருக்கிறது? பில்லைக் கட்டிவிட்டீர்களா என்று முதலில் பாரும்.

கொடைக்குச் சீரியல் செட் போடுகிறவர் வயரின் நுனியை உரித்து ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் அடைத்துவிட்டுப் போகிறார். இது சரியா?
*விழாக் கமிட்டி உறுப்பினர், ஈத்தாமொழி*

பொறி பறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் செருகி வைப்பதற்கு, உலகத்தில் உள்ள அத்தனை மரத்துண்டிலும் தேடித்தேடித் தீக்குச்சியைக் கண்டுபிடித்த அந்த மேதைக்கு ஒரு பொன்னாடை போர்த்துங்கள். நைலான் வேண்டாம், பருத்தி. நைலான் தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கும் இதே கூத்துதான். சவேரியார் கோயில் திருவிழா தொடங்கும்போது வடகிழக்கு மழையும் தொடங்கியிருக்கும். ஜன்னல் வழியாக வயரை இழுத்து, மாமரத்தில் நட்சத்திரம் தொங்கவிட்டு, முடிச்சு மட்டும் சரியாக ஓட்டுத் தாழ்வாரம் சொட்டுகிற இடத்தில் வந்து நிற்கும். ஒரு த்ரீ பின் டாப்பின் விலை நாலு டீக்கு மேல் வராது. கமிட்டிக் கணக்கில் ‘டீ செலவு’ என்று எழுதுகிற தொகையில் ஒரு நாளைக் குறைத்தால் கோயிலுக்கே டாப் வாங்கிவிடலாம்.

கடற்கரை வீடு. பிளக் முள்ளில் பச்சைப் பச்சையாய்ப் பிடிக்கிறது. என் மாமியார் புளி போட்டுத் தேய்க்கிறார்.
*ஒரு மருமகள், மணக்குடி*

குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்துக் கொலுவிலும் வைத்துவிடப் போகிறார். அது உப்புக்காற்றில் பித்தளை பிடிக்கிற களிம்பு. களிம்பு ஏறினால் தொடுகிற இடம் சூடேறும். மேலே கோட்டாறு அம்மாவுக்குச் சொன்னதை வாசியுங்கள். சாமானிலிருந்தும் சுவரிலிருந்தும் முழுக்கக் கழற்றி, உலர்ந்த நிலையில், மெல்லிய உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்துத் துடைக்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். புளியை மீன்குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன ஆடியில் கிரைண்டர் வயரில் கைபட்டு என் வீட்டுக்காரர் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் இழுத்தேன். எனக்கும் அடித்து இருவரும் விழுந்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் ராத்திரியில் அது நினைவு வந்தால் எனக்குத் தூக்கம் இல்லை. நான் செய்தது தப்பா?
*பெயர் வேண்டாம், குளச்சல் அருகே*

தப்பில்லை அம்மா. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன். கரண்டு கையின் தசையை இறுக்கிவிடும்; அவர் விட நினைத்தாலும் விரல் விடாது. அவரைத் தொட்டதும் கரண்டு உங்கள் வழியாகவும் போகப் பார்த்தது. நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருப்பது பெரிய காரியம். அதை முதலில் மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி யாருக்கும் இப்படி நேர்ந்தால் முதல் ஓட்டம் மெயின் சுவிட்சுக்கு. அது தூரம் என்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால், உலர்ந்த தரையிலோ பலகையிலோ நின்று, காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளிவிட வேண்டும். வெறும் கையால் தொடக் கூடாது. இதெல்லாம் வீட்டு வயருக்கு மட்டும்தான். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி என்றால் கிட்டேயே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பிறகு 108. மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வருகிறவரை. மணலில் புதைத்தால் கரண்டு இறங்கும் என்று சொல்வார்கள். உடம்பில் கரண்டு தங்குவதில்லை. புதைக்கிற நேரத்தில் உயிர் போய்விடும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னும் ஒன்று. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டச் சொல்லுங்கள். ஒரு 60 வாட் குண்டு பல்பு எரியக் கால் ஆம்பியர் வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்கு கரண்டு தவறான வழியில் கசிந்தாலே இது கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ‘டக்’ என்று அணையும். நீங்களே உங்கள் கையால் அமுக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் ராத்திரியில் கொஞ்சம் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். அந்தக் கிரைண்டர் வயரை இன்னும் மாற்றவில்லை என்றால், இதை வாசித்து முடித்ததும் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்புங்கள்.

அவியலைக் கண்டுபிடித்தது நாமா, மலையாளிகளா?
*ஒரு நடுநிலையாளர், களியக்காவிளை*

சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு இதைக் கேட்க உமக்குத் தைரியம் அதிகம்.

ஊருக்கெல்லாம் வயரை மாற்றச் சொல்கிறவரே, உங்கள் வீட்டு மேஜை விசிறியின் வயர் எப்போது மாறும்?
*பெயர் இல்லை, நாகர்கோவில்*

கடிதம் தபாலில்தான் வந்திருக்கிறது, ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறது. ஆனால் பால் கணக்கு எழுதுகிற அதே கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை, கட்டாயம். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.